எழுதப்படாத கடிதம்

கேள்வி: என் சித்தி மகன் சென்ற ஆண்டு தற்கொலை செய்துகொண்டான். ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. சித்தி இன்றும் அவனுடைய பழைய நோட்டுகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருக்கிறார். சிலர் கடிதம் எழுதி வைக்கிறார்கள், சிலர் வைப்பதில்லை, அது ஏன்?
– வாசகி ஒருவர், தஞ்சாவூர்

பதில்: எழுதி வைப்பவர்களே குறைவு என்பதை முதலில் உங்கள் சித்தியிடம் சொல்லுங்கள். பல நாட்டு ஆய்வுகளைப் பார்த்தால், ஏறக்குறைய நால்வரில் ஒருவரோ மூவரில் ஒருவரோதான் கடிதம் விட்டுச் செல்கிறார்கள். ஆகவே கடிதம் இல்லாததைக் கோபமென்றோ பாசக் குறைவென்றோ கொள்ள இடமில்லை.

1949-இல் எட்வின் ஷ்னைட்மன் என்ற உளவியலாளர், வேறொரு வேலையாக லாஸ் ஏஞ்சலிஸ் மரண விசாரணை அலுவலகத்துக்குப் போனபோது, இத்தகைய கடிதங்கள் நூற்றுக்கணக்கில் அங்கே கோப்புகளில் கிடப்பதைக் கண்டார். பின்னர் அவரும் சக உளவியலாளர் நார்மன் ஃபார்பரோவும் அவற்றில் 33 கடிதங்களை எடுத்து, தற்கொலை எண்ணமே இல்லாத 33 பேரிடம் கற்பனையாக எழுதி வாங்கிய கடிதங்களோடு ஒப்பிட்டார்கள். கற்பனைக் கடிதங்களில் பொதுவான சிந்தனைகள் மிகுந்திருந்தன. உண்மைக் கடிதங்களிலோ ஆட்களின் பெயர்களும், இன்னாரிடம் இதைச் சொல், இன்னதைச் செய் என்ற சில்லறை ஏவல்களும் நிறைந்திருந்தன. நாம் தேடும் 'ஏன்' என்பதற்கான விடை அவற்றில் பெரும்பாலும் இல்லை.

நம் ஊரில் 'என் சாவுக்கு யாரும் காரணமில்லை' என்று எழுதுகிறார்களே, அது வீட்டாரைவிடக் காவல் நிலையத்துக்கு எழுதிய வரி என்றே எனக்குத் தோன்றும். தனக்குப் பின் குடும்பம் விசாரணையில் அலையக் கூடாது என்ற கவலை அது. மன்னிப்புக் கேட்க எழுதுபவர்கள் உண்டு, பழி சொல்ல எழுதுபவர்களும் உண்டு. நீதிமன்றம் அத்தகைய கடிதத்தைச் சாட்சியமாக ஏற்கலாம் என்றாலும், பெயர் குறிப்பிட்டிருப்பதால் மட்டுமே ஒருவர்மீது குற்றம் உறுதியாகிவிடாது.

கடைசி நேரத்தில் மனம் ஒரே புள்ளியில் குறுகிவிடுகிறது என்றார் ஷ்னைட்மன். தன் நிலையைத் தெளிவாக விளக்கி எழுத முடிகிறவருக்குச் சாக வேண்டிய தேவையே இருந்திருக்காது என்பது அவர் பின்னாளில் வந்தடைந்த முடிவு. அந்த நோட்டுகளில் சித்தி தேடுவதை, கடிதம் எழுதியிருந்தாலும் உங்கள் தம்பியால் தந்திருக்க முடியாது.

சித்தியைத் தனியே புரட்ட விடாமல் நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். அவருக்கு யாரிடமாவது பேச வேண்டுமென்று தோன்றினால், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.