இரண்டாம் உலகப் போரில் ஆப்பிரிக்கப் படையினர் இலங்கைக்கு ஏன் வந்தார்கள்?

திருகோணமலையில் வளர்ந்த எவருக்கும் 09.04.1942 தெரியும். ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்திலும் அருகிலுள்ள சீனக்குடா விமானத்தளத்திலும் குண்டு வீசிய நாள் அது. எண்ணெய்க் குதங்களை இன்றும் காட்டுவார்கள். ஆப்பிரிக்கர்களைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. உங்கள் கேள்வி அதனாலேயே எனக்கு முக்கியமாகப்படுகிறது.

சிங்கப்பூர் 1942 பெப்ரவரியில் வீழ்ந்தபின், இந்தத் தீவைக் காக்கவும் பர்மாவை மீட்கவும் பிரித்தானியாவுக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். கென்யா, உகண்டா, தங்கனீக்கா (இன்றைய தான்சானியாவின் பெருநிலப் பகுதி), நியாசாலாந்து (இன்றைய மலாவி) ஆகிய தன் ஆட்சிக்குட்பட்ட நாடுகளிலிருந்து அவர்களைக் கொண்டுவந்தது. 11ஆவது கிழக்கு ஆப்பிரிக்க டிவிஷன் இங்கே பயிற்சி பெற்று, 1944இல் பர்மாவின் கபாவ் பள்ளத்தாக்கில் கொட்டும் மழையில், சேற்றிலும் மலேரியாவிலும் முன்னேறி, டிசம்பரில் கலேவா நகரைக் கைப்பற்றியது.

எல்லோரும் கரை சேரவில்லை. கென்யாவின் மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த ‘கெடிவ் இஸ்மாயில்’ கப்பலை 12.02.1944 அன்று ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கியது. சுமார் இரண்டே நிமிடங்களில் மூழ்கிய அதில் 1,200க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பெரும்பாலோர் கிழக்கு ஆப்பிரிக்கப் பீரங்கிப் படையினர். தாங்கள் தொடங்காத போருக்காக, தாங்கள் ஒருபோதும் காணாத நம் கரையை நோக்கி வந்தவர்கள் அவர்கள்.

நிலாவெளி வீதியில் உள்ள போர்க் கல்லறையைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கப்பல்தான் நினைவுக்கு வருகிறது.