பிக்கப் வண்டி கேள்வி பதில்: லோடும் சத்தமும்

கே: அறுபதைத் தாண்டினால் 'ஊம்ம்' என்று ஒரே சத்தம். மெக்கானிக் டயர் என்கிறார், நண்பர் பேரிங் (சக்கரம் உராயாமல் சுழல உதவும் உருளைத் தாங்கி) என்கிறார். எதை மாற்றுவது?

இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். காலியான சாலையில் அதே வேகத்தில் போகும்போது கிளட்சை மிதியுங்கள். எஞ்சின் அடங்கியும் சத்தம் நீடித்தால் எஞ்சினில் தேட வேண்டாம். அடுத்து ஸ்டீரிங்கை இலேசாக இடம், வலம் என்று வளையுங்கள். இடப்பக்கம் திரும்பும்போது எடை வலப்பக்கச் சக்கரத்தில் சாயும். அப்போது சத்தம் கூடினால் வலப்பக்க பேரிங் மேல்தான் சந்தேகம். வளைத்தாலும் மாறாமல், சாலைப் பரப்பு மாறும்போது மட்டும் மாறினால் டயர். டயரை உள்ளங்கையால் இரு திசையிலும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பும் மறு திசையில் ரம்பப்பல் போன்ற சொரசொரப்பும் இருந்தால் தேய்மானம் சரியில்லை.

இன்னும் உறுதியாகவில்லையா? ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டு கொடுங்கள். முன்பக்கம் சுருள் ஸ்பிரிங் என்றால் ஒரு கையை அதன்மேல் வைத்துக்கொண்டு மறுகையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். பேரிங் போயிருந்தால் கரகரப்பு ஸ்பிரிங் வழியாக விரலுக்கு வந்துவிடும்.

கே: கிளம்பும்போதும் ரிவர்ஸ் போடும்போதும் அடியில் 'டங்' என்கிறது.

எஞ்சின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ் ஜாயின்ட்டை (வளைந்துகொடுக்கும் இணைப்பை)ப் பாருங்கள். எஞ்சினை அணைத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஷாஃப்டைக் கையால் முறுக்குங்கள். ஜாயின்ட்டில் ஆட்டம் தெரிந்தால் மாற்றிவிடுங்கள். ஜாயின்ட்டின் கப் (மூடி) ஓரத்தில் செந்துருப் பொடி இருந்தால் கிரீஸ் வற்றி வெகுநாளாகிவிட்டது. ஓட்டத்தில் ஷாஃப்ட் கழன்றால் ஆபத்து, தள்ளிப்போடாதீர்கள்.

கே: லோடு ஏற்றினால் ஸ்டீரிங் லேசாகிவிடுகிறது. நல்லதுதானே?

இல்லை. எடை பின் ஆக்சிலுக்குப் பின்னால் போய், முன்சக்கரத்தைத் தூக்குகிறது. திருப்பமும் பிரேக்கும் இரண்டுமே கெடும். கனமானதைக் கேபினை ஒட்டி, தாழ்வாக வையுங்கள்.

கே: ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஏற்றலாமா?

தண்ணீர் மட்டுமே 1000 கிலோ. தொட்டி, உள்ளே உட்காரும் ஆட்கள், கருவிகள் எல்லாம் அதற்கு மேல். உங்கள் வண்டிக்கு அனுமதித்த எடையைப் பார்க்காமல் ஏற்றாதீர்கள். பாதி நிரப்புவதும் தீர்வல்ல. அலையடிக்கும் தண்ணீர் பிரேக் போடும்போது வண்டியை முன்னே தள்ளும்.

கே: பின்கதவைத் திறந்துபோட்டால் மைலேஜ் கூடுமா?

கூடாது.

கே: எப்படி? காற்று கதவில் முட்டத்தானே செய்யும்? எனக்குக் கூடியதே.

முட்டாது. கதவு மூடிய லோடு தொட்டிக்குள் (கேபினுக்குப் பின்னால் சரக்கு வைக்கும் இடம்) காற்று சுழன்றுகொண்டே நிற்கும். கேபினைத் தாண்டி வருகிற காற்று அந்தச் சுழலின்மேல் வழுக்கிக் கதவைக் கடந்துவிடும். திறந்தால் சுழல் கலையும், பின்னிழுப்பு குறையாது. ஒரு பயணத்தின் கணக்கை வைத்து முடிவு செய்யாதீர்கள். எதிர்க்காற்று, டயர் காற்றழுத்தம், லோடு, வேகம் ஒவ்வொன்றும் கணக்கை மாற்றும். ஒரே சாலையில், ஒரே வேகத்தில், போக வர இரண்டு திசையிலும் ஓட்டி ஒப்பிடுங்கள். இன்னொன்று: திறந்த கதவு நம்பர் பலகையை மறைக்கலாம், லோடும் நழுவும்.

கே: அப்படியென்றால் தார்ப்பாய் போட்டு மூடினால்?

இறுக்கமான மூடி கொஞ்சம் உதவும். படபடக்கிற தார்ப்பாய் உதவாது.

கே: பட்டை ஸ்பிரிங் கீச்சிடுகிறது. பழைய எஞ்சின் ஆயில் ஊற்றலாமா?

வேண்டாம். மண் ஒட்டி அரைக்கும், ரப்பர் புஷ் (ஸ்பிரிங் முனையிலுள்ள ரப்பர் வளையம்) ஊறிப்போகும். கழுவிவிட்டுப் பட்டை உடைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கே: திருப்பத்தில் 'ஊம்' சத்தம்...

முதல் பதிலைப் படியுங்கள்.

கே: எவ்வளவு எடை ஏற்றலாம்?

மீண்டும் அதேதான். ஓட்டுநர் கதவுத் தூணிலோ கையேட்டிலோ எழுதியிருக்கும். அனுமதித்த மொத்த எடையிலிருந்து வண்டியின் வெற்று எடையைக் கழியுங்கள்.

கே: பெட்ரோல் கேனை லோடு தொட்டியில் வைத்தபடியே நிரப்பலாமா?

கூடவே கூடாது. பிளாஸ்டிக் விரிப்பின்மேல் கேன் இருந்தால் நிலைமின்சாரம் வெளியேற வழியில்லாமல் சேர்ந்து, பொறி பறந்து தீப்பிடிக்கலாம். கேனைத் தரையில் இறக்கி, குழல் முனை கேன் வாயைத் தொட்டபடியே மெதுவாக நிரப்புங்கள்.