இனிப்பு நீரால் பாதம் எரியும் அம்மாவுக்கு மின்காந்த மெத்தை வாங்கலாமா?

கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு கடையில் அம்மாவை இரண்டு வாரம் இலவசமாக உட்கார வைத்தார்கள், எரிச்சல் குறைந்ததாக அவர் சொல்கிறார், இப்போது அந்த மெத்தைக்கு 6,000 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இனிப்பு நீர் (நீரிழிவு) நரம்பைக் கெடுப்பதால் வரும் இந்த வலிக்காக என்றால் வாங்க வேண்டாம்.

அந்த மெத்தைக்குள் இருப்பவை செம்புச் சுருள்கள். விட்டு விட்டு மின்சாரம் பாயும்போது காந்தப்புலம் துடிக்கும். ஒட்டாத எலும்பு முறிவுக்கு 1979இலேயே அமெரிக்காவில் இந்த முறையை அனுமதித்தார்கள். அந்த அனுமதி நரம்புக்குச் செல்லாது. 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வில் நரம்பு பாதித்து வலி உள்ள 225 பேரைச் சேர்த்து, தினமும் 2 மணி நேரம், 3 மாதம் பாதத்தில் பயன்படுத்த வைத்தார்கள். ஒரு பகுதியினருக்குக் கொடுத்தது போலிக் கருவி. வலியில் இரு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் வரவில்லை. அமெரிக்க நரம்பியல் அகாடமியின் 2011 வழிகாட்டியும் இதைப் பரிந்துரைக்கவில்லை.

பிறகு அம்மாவுக்கு எப்படிக் குறைந்தது? இந்த எரிச்சல் இரவில்தான் உச்சத்துக்குப் போகும். கடைக்குப் போவதோ பகலில். நாளுக்கு நாள் ஏறி இறங்கும் வலியும்கூட. நான் அதிகம் கவலைப்படுவது வேறொன்றுக்கு: நரம்பு மேலும் செத்து மரத்துப்போனாலும் எரிச்சல் குறையும். அதை இன்றே பாருங்கள். அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை உங்கள் விரலால் 1–2 வினாடி லேசாகத் தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ கூடாது. ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்துவிட்டது. வீட்டுக்குள்ளும் செருப்பு, தினமும் பாதத்தடியில் புண் இருக்கிறதா என்று பார்ப்பது, இரண்டும் கட்டாயம்.

அரசு கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. அங்கே கேட்க வேண்டியது: இனிப்பு நீர் மாத்திரையான மெட்ஃபார்மினைப் பல வருடம் சாப்பிடுகிறார் என்றால் வைட்டமின் பி12 அளவு. அது குறைந்தாலும் பாதம் இப்படியே எரியும், ஊசியிலோ மாத்திரையிலோ சரிசெய்யலாம். வலிக்கு அமிட்ரிப்டிலின் இரவில் 10 மில்லிகிராமில் தொடங்குவார்கள். இதயத் துடிப்புக் கோளாறு, கண் அழுத்தம் இருந்தால் முன்பே சொல்லுங்கள். கபாபென்டின், பிரகாபலின் என்றால் சிறுநீரக ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் அளவு. இரண்டு நாளில் பலன் தெரியவில்லை என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். அளவை மெல்ல ஏற்றிச் சில வாரம் பார்க்க வேண்டும்.

கடைக்காரர் விடவில்லை என்றால் மலேசிய மருத்துவக் கருவி ஆணையத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள். 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி மருத்துவக் கருவிக்குப் பதிவு வேண்டும். எண் இருந்தால், எந்த உபயோகத்துக்குப் பதிந்தது என்றும் பாருங்கள். "இனிப்பு நீரே குணமாகும்" என்று விளம்பரம் செய்வதற்கு 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டத்திலேயே தடை உண்டு.

பேஸ்மேக்கர், இன்சுலின் பம்ப் வைத்திருப்பவர் அந்த மெத்தையில் படுக்கவே கூடாது. சூடும் சேர்ந்து வரும் மாடல் என்றால் மரத்த பாதத்தை அதில் வைக்கவே விடாதீர்கள். தோல் வெந்தாலும் அம்மாவுக்குத் தெரியாது.