ஏஎம்வி பார்த்து "சிங்க் இல்லடா" என்கிறார்கள். எதைத் திருத்துவது? உருப்படியாகக் கருத்து சொல்லவும் வாங்கவும் என்ன வழி?

கேள்வியின் சுருக்கம்: மதுரையில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) காட்சிகளைத் தமிழ்ப் பாட்டுகளுக்கு வெட்டி ஏஎம்வி, அதாவது அனிமே மியூசிக் வீடியோ, செய்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டால் "தெறி", "வேற லெவல்" என்று வருகிறது, இல்லையென்றால் "சிங்க் இல்ல" என்று ஒரே வரி. இரண்டையும் வைத்து எதையும் திருத்த முடியவில்லை.

பதில்:

"சிங்க் இல்ல", அதாவது படமும் பாட்டும் ஒத்துப்போகவில்லை, என்றவர் சும்மா சொல்லியிருக்க மாட்டார். அவருக்கு எங்கேயோ இடறியிருக்கிறது. ஆனால் அந்த ஒரு வரிக்குள் குறைந்தது நாலைந்து கோளாறுகள் ஒளிந்திருக்கும், ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. அதைப் பிரித்துச் சொல்லப் பழகினாலே உங்கள் குழுவின் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். அதனால் அதையே விரிவாகச் சொல்கிறேன்.

முதல் சந்தேகத்தை வீடியோ மேல் வைக்காதீர்கள், கேட்ட கருவி மேல் வையுங்கள். ப்ளூடூத் இயர்பட்ஸில் ஒலி 100 முதல் 250 மில்லிசெகண்ட் வரை பிந்தி வரலாம். அனிமேயில் ஒரு ஃபிரேம், அதாவது ஒரு தனிப் படம், சுமார் 42 மில்லிசெகண்ட். ஆக, 2 முதல் 6 ஃபிரேம் வரை பிசகு. யூடியூப் மாதிரி ஆப்கள் படத்தையும் அதே அளவு நிறுத்திவைத்துச் சரிக்கட்டும். எடிட்டிங் ஆப்கள் பலவற்றில் அந்த வசதி கிடையாது. ப்ளூடூத் மாட்டிக்கொண்டே வெட்டியவரின் வீடியோவில் எல்லா வெட்டும் ஒரே அளவு பிந்தியிருக்கும், ஆனால் அவர் காதுக்கு மட்டும் எல்லாம் கச்சிதமாகத் தெரியும். ஒயர் ஹெட்செட்டில் கேட்டுப் பாருங்கள். ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே அளவு பிந்துகிறது என்றால் எந்த வெட்டையும் தொட வேண்டாம், படத்தின் ட்ராக் மொத்தத்தையும் அத்தனை ஃபிரேம் முன்னே நகர்த்தினால் போதும். கோரிப்பாளையத்தில் டீக்கடை வாசலில் நின்று போன் ஸ்பீக்கரில் பார்த்துவிட்டு "பீட்டே விழலையே" என்பவர் கருத்தையும் தள்ளி வையுங்கள். போன் ஸ்பீக்கரில் அடி ஒலியே சரியாக வராது, பஸ் இரைச்சலில் மிச்சமும் போய்விடும்.

இரண்டாவது, முதலில் சரியாக இருந்து போகப்போக விலகுவது. இது கணக்குப் பிழை. அனிமே ஒரு செகண்டுக்கு 23.976 ஃபிரேம். பாட்டு 128 பிபிஎம் (நிமிடத்துக்கு 128 பீட்) என்றால் ஒரு பீட் 0.46875 செகண்ட், அதாவது 11.24 ஃபிரேம். "பதினோரு ஃபிரேமுக்கு ஒரு வெட்டு" என்று எண்ணி வெட்டிக்கொண்டே போனால் 32 பீட்டில், அதாவது 15 செகண்டில், ஏழரை ஃபிரேம் முந்திவிடும். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு செகண்ட், யார் கண்ணுக்கும் தெரியும். வேவ்ஃபார்மில் (ஒலியை அலையாகக் காட்டும் படம்) ஒவ்வொரு முகட்டையும் பார்த்து மார்க்கர் (அடையாளக் குறி) போடுவது ஒன்றுதான் வழி. எண்ணி வைக்கக் கூடாது. ஸ்கிரீன் ரெக்கார்டிங் செய்த கிளிப்பிலும் இதே மாதிரி விலகல் வரும், காரணம் வேறு: அதில் ஃபிரேம் ரேட் நிலையாக இருக்காது. அப்படிப்பட்ட கிளிப்பை முதலில் நிலையான ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றிக்கொண்டுதான் டைம்லைனில் (எடிட்டரில் கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் இடம்) போட வேண்டும். டைம்லைனையும் 30-ல் வைக்காதீர்கள். நாலு ஃபிரேமுக்கு ஒன்று இரட்டித்து, கேமரா நகரும் ஷாட்டெல்லாம் திக்கித் திக்கிப் போகும். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டரில் கிளிப் போட்ட பிறகு ப்ராஜெக்டின் ஃபிரேம் ரேட்டை மாற்ற முடியாது, தொடங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதுதான் அதிகம் நடப்பதும், யாரும் பெயர் சொல்லாததும். வெட்டு பீட்டில் இருக்கிறது, ஷாட்டுக்குள் நடக்கும் அடி பீட்டில் இல்லை. கத்தி மோதுவது, கால் தரையில் ஊன்றுவது, கதவு சாத்துவது, இவைதான் கண்ணுக்கு அடி. ஷாட் பீட்டில் தொடங்கி, கத்தி 5 ஃபிரேம் கழித்து மோதினால் மூளை அதைப் பிந்தியதாகவே எண்ணும். இதற்கு வெட்டை நகர்த்தக் கூடாது. வெட்டின் இரு முனையும் அப்படியே இருக்க, உள்ளே இருக்கும் காட்சியை மட்டும் நகர்த்தும் ஸ்லிப் கருவி பெரும்பாலான எடிட்டர்களில் உண்டு. பிரீமியரில் ஒய் (Y) கீ, ரிசால்வில் டி (T) கீ அழுத்தி ட்ரிம் மோட். இதில் ஒரு நுணுக்கம்: அனிமேயில் ஒரே ஓவியம் பெரும்பாலும் 2 அல்லது 3 ஃபிரேம் நிற்கும். ஒரு ஃபிரேம் நகர்த்திவிட்டு "ஒண்ணும் மாறலையே" என்று குழம்பக் கூடாது, ஓவியம் மாறும் ஃபிரேமைப் பிடிக்க வேண்டும். நகர்த்தும்போது பக்கத்து ஷாட்டின் ஒற்றை ஃபிரேம் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். அது மின்னல் மாதிரி வெட்டிப் போகும். பார்த்தவர் "அங்க என்னமோ ஜெர்க்" என்பது பெரும்பாலும் இதைத்தான்.

தமிழ்ப் பாட்டுக்கு வெட்டுபவர்களுக்கென்றே இரண்டு சிக்கல் உண்டு. நையாண்டி மேளம், தப்பு சாயலில் வரும் குத்துப் பாட்டுகளில் பல திஸ்ர நடை, அடிக்கு மூன்று பிரிவு. கை பழக்கத்தில் அடியைப் பாதியாகப் பிரித்து வெட்டினால், 100 பிபிஎம்மில் அந்த வெட்டு 7.2-ஆவது ஃபிரேமில் விழும். பாட்டிலோ 4.8-லும் 9.6-லும்தான் தட்டு இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே, இரு பக்கமும் ஒரு செகண்டில் பத்தில் ஒரு பங்கு தள்ளி, வெட்டு அந்தரத்தில் நிற்கும். பீட்டைத் தானாகக் கண்டுபிடிக்கும் வசதியும் இந்த மாதிரிப் பாட்டில் ஏமாறும். வாயால் "தகிட தகிட" சொல்லிக்கொண்டே மார்க்கர் தட்டுங்கள்.

இன்னொன்று வரிகள். தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வரும். வரி தொடங்கும் இடத்தில் ஷாட்டை வைத்தால், "விழுந்தேன்" என்று பாடகர் சொல்வதற்கு இரண்டு செகண்ட் முன்பே நாயகன் விழுந்து முடித்திருப்பான். விழும் ஃபிரேமை அந்தச் சொல்லின் மேல் வையுங்கள், வரி தொடங்கும்போது அவன் விளிம்பில் நிற்கட்டும். கருத்து சொல்பவரும் இதைத் தனியாகக் குறிக்க வேண்டும்: பீட் விலகலா, சொல் விலகலா என்று.

வாயசைவும் இதோடு சேர்ந்ததுதான். பேசும் காட்சியில் வாய்க்கு வழக்கமாக மூன்று ஓவியம்தான்: மூடியது, பாதி, திறந்தது. பாட்டில் "ம்", "ப்" வரும் இடத்தில் வாய் திறந்திருந்தால் கண் உடனே பிடித்துவிடும், மற்றதை மன்னித்துவிடும். பாட்டு இல்லாத இசைப் பகுதியில் வாய் அசைந்தால் பார்ப்பவர் வசனத்துக்குக் காத்திருப்பார். அந்த ஷாட்டில் முகத்தின் மேல்பாதியை மட்டும் வெட்டி எடுங்கள், இல்லையென்றால் எதிரே கேட்டுக்கொண்டிருப்பவர் முகத்துக்குப் போங்கள்.

இனி சொல்லும் முறை. முதல் தடவை நிறுத்தாமல் முழுதாகப் பாருங்கள், முடிந்த உடனே மனதில் நின்றதை இரண்டு வரி எழுதிவிடுங்கள். எங்கே சலித்தது, எங்கே நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள், அவ்வளவுதான். இந்த முதல் பார்வை திரும்பக் கிடைக்காது, அதனால் இதுதான் விலை உயர்ந்தது. இரண்டாம் தடவை நேரம் குறித்துக்கொண்டு பாருங்கள். மூன்றாம் தடவை குறித்த இடங்களை மட்டும் ஃபிரேம் ஃபிரேமாக. கம்ப்யூட்டரில் யூடியூபை நிறுத்திவிட்டு கமா, புள்ளி கீகளை அழுத்தினால் ஃபிரேம் முன்னும் பின்னும் போகும். எம்பிவி ப்ளேயரிலும் அதே கீகள்தான். எழுதும்போது இந்த மாதிரி:

"1:12, கத்தி மோதும் ஷாட். மோதல் அடிக்குப் பின்னால் வருகிறது, 4 அல்லது 5 ஃபிரேம் இருக்கும். ஒயர் ஹெட்செட்டில் பார்த்தேன்."

"0:40 முதல் 0:52 வரை இழுவையாகத் தெரிந்தது. காரணம் தெரியவில்லை. அடுத்தடுத்து நாலு ஷாட்டில் முகம் ஒரே பக்கம் பார்ப்பதாலா என்று ஒரு சந்தேகம்."

இரண்டாவது கருத்தில் எழுதியவர் காரணம் தெரியாது என்று ஒத்துக்கொண்டிருக்கிறார், இருந்தும் அது பயன்படும். இடமும், தனக்கு என்ன ஆனது என்பதும் இருந்தால் போதும். தீர்வு சொல்லியே ஆக வேண்டும் என்று "ஒரு ஷேக் போடு, க்ளோ போடு" என்று எழுதுவதைவிட இது எவ்வளவோ மேல். நல்லதையும் நேரம் போட்டே எழுதுங்கள். "தெறி" என்றால் எடிட்டர் அடுத்த வெர்ஷனில் அந்தத் தெறி இடத்தையே தெரியாமல் கழித்துவிடுவார்.

பார்ப்பவரின் பழக்கத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். சித்திரைத் திருவிழா நேரத்து அழகர் எடிட்டும், அலங்காநல்லூர் மாடு எடிட்டும் நாள் முழுக்கப் பார்த்த கண்ணுக்கு ஒரு ஷாட் மூன்று செகண்ட் நின்றாலே தூக்கம் வரும். மெதுவான மெலடிக்கு அவர் "வேகம் பத்தல" என்பார். அது அவர் ருசி, உங்கள் பிழை அல்ல. ருசி விஷயமே இல்லாத ஒன்றும் உண்டு: பளிச் பளிச்சென்று மின்னும் வெள்ளை, சிவப்பு ஃப்ளாஷ். 1997 டிசம்பரில் ஜப்பானில் போக்கிமான் தொடரின் ஒரு பகுதியில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னியதைப் பார்த்து நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஒரு செகண்டில் மூன்று தடவைக்கு மேல் மின்னினால் கண்டிப்பாகச் சொல்லுங்கள், எடிட்டர் என்ன சமாதானம் சொன்னாலும் விடாதீர்கள்.

எந்தக் கட்டத்தில் எதைச் சொல்வது என்பதைக் கேட்பவர்தான் முன்கூட்டியே சொல்ல வேண்டும். வெறும் வெட்டு மட்டும் இருக்கும்போது பாட்டின் எந்தப் பகுதியை வைத்திருக்கிறேன், சரணத்தைத் தூக்கிவிட்டு இன்டர்லூடை ஒட்டிய இடம் தெரிகிறதா, கதை புரிகிறதா என்று மட்டும் கேளுங்கள். அடுத்த சுற்றில் சிங்க். கடைசியில் படத்தோடு பதிந்துபோன சப்டைட்டில், சேனல் லோகோ, பழைய 4:3 காட்சியை இழுத்து 16:9 ஆக்கிய சப்பை முகம், இருட்டுக் காட்சியில் படிப்படியாகத் தெரியும் கோடு. எல்லாவற்றையும் ஒரே சுற்றில் கேட்டால் எல்லோரும் எஃபெக்டைப் பற்றி மட்டுமே பேசுவார்கள். ஒரு சுற்றுக்கு மூன்று பேர் போதும்: எடிட் தெரிந்தவர் ஒருவர், அந்தத் தொடரைப் பார்க்காதவர் ஒருவர், எடிட்டே தெரியாமல் சும்மா பாட்டு கேட்பவர் ஒருவர்.

குழுவில் மூத்தவர் இருந்தால் தம்பிமார் வாய் திறக்க மாட்டார்கள். "சூப்பர்ண்ணே" என்பதோடு முடியும். அந்த அண்ணன் வீடியோவுக்குக் கருத்தைத் தனித்தனியாக அனுப்பச் சொல்லுங்கள், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல். வீடியோவை வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அமுக்கித் தேய்த்துவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். பார்ப்பவருக்கான காப்பியில் டைம்கோடு (ஓடும் நேர எண்) ஓரத்தில் ஓடட்டும். அதற்கு ரிசால்வில் டேட்டா பர்ன்-இன் என்று இருக்கிறது. போன் ஆப்பில் வசதி இல்லை என்றால் "1:12, வாள் மோதியதும்" என்று காட்சியைச் சேர்த்து எழுதினாலே போதும்.

வாங்கிக்கொள்பவர் அன்றைக்கே பதில் சொல்லாமல் இருப்பது நல்லது. "எந்த ஹெட்செட், எந்தப் போன்" என்று மட்டும் கேளுங்கள். பிறகு எல்லாக் கருத்தையும் நேர வரிசையில் ஒரு தாளில் போடுங்கள். இரண்டு பேர் ஒரே இடத்தைத் தொட்டிருந்தால், ஒருவர் "ரொம்ப வேகம்" என்றும் இன்னொருவர் "புரியல" என்றும் எழுதியிருந்தாலும், அந்த இடத்தில் கோளாறு இருக்கிறது. அவர்கள் சொன்ன மருந்தை அப்படியே குடிக்க வேண்டாம். ஒருவர் மட்டும் சொன்னதில் கணக்குப் பிழை இருந்தால் திருத்துங்கள், ருசி என்றால் விடுங்கள். நாலாவது வெர்ஷனில் வந்து "பாட்டை மாத்து" என்பவருக்கு நன்றி சொல்லிவிட்டு, அடுத்த வீடியோவுக்கு எடுத்துவையுங்கள்.

திருத்தும்போது பெரிய ஆபத்து ரிப்பிள் டிலீட், அதாவது கழித்த இடைவெளியைத் தானாக மூடிவிடும் வசதி. 0:40-ல் 6 ஃபிரேம் இழுவையைக் கழித்தால் அதற்குப் பின்னால் இருக்கும் ஒவ்வொரு வெட்டும் 6 ஃபிரேம் முந்தி வந்து உட்கார்ந்துகொள்ளும், பாட்டு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரு குறையைத் தீர்க்கப் போய் முழு வீடியோவும் குலைந்தது என்றால் இதுதான் நடந்திருக்கும். ஸ்லிப் அல்லது ரோல் (இரண்டு ஷாட்டுக்கு நடுவே உள்ள வெட்டை மட்டும் நகர்த்துவது) மட்டும் பயன்படுத்துங்கள், தொடும் முன் டைம்லைனை நகலெடுத்துக்கொள்ளுங்கள். திருத்திய பிறகு "0:40, 1:12 மாற்றியிருக்கிறேன்" என்று சொல்லி அனுப்பினால் பார்த்தவருக்கு மறுபடி மூன்று நிமிடம் வீணாகாது. ஆனால் கடைசிப் பார்வைக்கு அவர் உதவ மாட்டார், பார்த்துப் பார்த்துக் கண் மரத்திருக்கும். அதுவரை பார்க்காத ஒருவரை மிச்சம் வைத்திருங்கள்.

யூடியூபில் அன்லிஸ்டடாக (லிங்க் உள்ளவர் மட்டும் பார்க்கும்படி) ஏற்றி அவருக்கு லிங்க் அனுப்புகிறீர்கள் என்றால், எச்டி தயாராகும் வரை பொறுத்து அனுப்புங்கள். முதலில் தயாராவது மங்கலான காப்பி, அதைப் பார்த்துவிட்டு அவர் தரம் சரியில்லை என்பார், நீங்களும் இல்லாத கோளாறைத் தேடி எக்ஸ்போர்ட் செட்டிங்கைக் கிளறிக்கொண்டிருப்பீர்கள்.