பார்மசானுக்குப் பதில் என்ன போடலாம்?

கேள்வி: முட்டைகூடச் சேர்க்காத சைவம் நான். பார்மசான் சீஸில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ஏதோ ஒன்றைச் சேர்க்கிறார்களாமே, நிஜமா? பாஸ்தாவுக்கும், பெஸ்டோ என்ற இத்தாலிய பேசில் இலைச் சட்னிக்கும் அதற்குப் பதில் என்ன போடுவது?

பதில்: நிஜம்தான். பாலை உறைய வைக்கும் ரென்னெட் அது. அசல் பார்மசானான இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்றால் கன்றின் ரென்னெட்தான், விதியே அப்படி. சரி, அதே மாதிரி இத்தாலிய சீஸான கிரானா படானோ வாங்கலாமே என்று தோன்றும். அதிலும் அதே கதை, போதாக்குறைக்கு சீஸ் கெடாமலிருக்க முட்டையிலிருந்து எடுத்துச் சேர்க்கும் லைசோசைமும் பெரும்பாலும் இருக்கும். செம்மறியாட்டுப் பாலில் செய்யும் பெக்கோரினோ ரொமானோ சீஸில் ஆட்டுக்குட்டியின் ரென்னெட்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே பல நாடுகளில் 'பார்மசான்' என்ற பெயரில் வேறு சீஸ்களும் விற்கிறார்கள். சுத்த இத்தாலியப் பிரியர்கள் முகம் சுளிப்பார்கள், ஆனால் உங்களுக்கு அதுதான் வழி, ஏனென்றால் அவற்றில் சில நுண்ணுயிரி ரென்னெட்டில் செய்தவை. உறையில் 'மைக்ரோபியல் ரென்னெட்' என்று போட்டிருக்க வேண்டும், லைசோசைம் இருக்கக்கூடாது. வெறுமனே 'ரென்னெட்' என்றிருந்தால் வாங்காமல் திரும்ப வைத்துவிடுங்கள்.

அதுவும் கிடைக்காவிட்டால், மொசரெல்லாவைத் துருவிப் போட்டுச் சமாளிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், நூல் நூலாக இழுக்குமே தவிர ருசி வராது. அசல் பார்மசானைக் குறைந்தது 12 மாதம் முதிர வைக்கிறார்கள். அதற்குள் புரதம் உடைந்து குளூட்டமேட் சேர்ந்துவிடுகிறது, நாக்கில் நிற்கும் அந்த உமாமி ருசி அதிலிருந்து வருவது. அதனால் உப்பும் உமாமியும் உள்ள பொருளாகத் தேடுங்கள்.

பெஸ்டோவுக்கு என் ஓட்டு வெள்ளை மிசோவுக்குத்தான் (சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் ஜப்பானிய விழுது). ஒரு டீஸ்பூன் போட்டு, பெஸ்டோவில் போடும் முந்திரி போன்ற கொட்டைப் பருப்பைக் கொஞ்சம் கூட்டி அரைத்து, ருசி பார்த்த பிறகு உப்புப் போடுங்கள், மிசோவே உப்புக் கரிக்கும். பாஸ்தாவின் மேல் தூவ, கால் கப் வறுத்த முந்திரி (ஆறியது), 2 மேசைக்கரண்டி நியூட்ரிஷனல் ஈஸ்ட் (ருசிக்காகச் சேர்க்கும், மாவைப் பொங்க வைக்காத ஈஸ்ட் செதில்), கால் டீஸ்பூன் உப்பு, மூன்றையும் மிக்சியில் விட்டு விட்டுச் சுற்றுங்கள். ஒரேயடியாக ஓடவிட்டால் முந்திரி எண்ணெய் விட்டுக் களியாகிவிடும். ஈஸ்டின் வாசனை பிடிக்காதவர்கள் ரொட்டித்தூளை ஆலிவ் எண்ணெயில் பூண்டோடு பொன்னிறமாக வறுத்துத் தூவலாம், தென் இத்தாலியில் சீஸ் வாங்க வசதியில்லாத வீடுகளில் இப்படித்தான் செய்தார்கள். அதில் உமாமி இல்லை, மொறுமொறுப்புதான், ஆனாலும் தக்காளி சாஸ் பாஸ்தாவுக்கு அது போதும். ரிசோட்டோ என்ற குழைவான இத்தாலிய அரிசி உணவுக்கு மட்டும் இந்தத் தூள்கள் எதுவும் வேண்டாம். அடுப்பை அணைத்ததும் வெண்ணெயில் குழைத்த மிசோவைக் கலந்து கிளறிவிடுங்கள்.