மண் பாதையில் தனி வண்டி: வாசகர் கேள்வி – பதில்

தார் ரோடு, மண் பாதை இரண்டிலும் ஓடும் டூயல் ஸ்போர்ட் வண்டி பற்றிப் பேசிய போன இதழுக்குப் பின் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான்: கூட வர ஆள் இல்லை, தனியாகப் போகலாமா? வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்ட வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த முறை பதில்.

கேள்வி: ஹிமாலயன் 411 வைத்திருக்கிறேன். ஞாயிறு அன்று தனியாக அமிர்தி வழியாக ஜவ்வாது மலைக்குப் போய், தார் ரோடு விட்டு மண் பாதையில் ஓட்ட ஆசை. வீட்டில் விட மாட்டேன் என்கிறார்கள். என்ன சொல்லி அனுமதி வாங்குவது? – கல்லூரி மாணவர், காட்பாடி

பதில்: வீட்டில் சொல்வதில் நியாயம் இருக்கிறது தம்பி. நாலு பேர் போகும்போது வண்டி விழுந்தால் சிரிப்பு. தனியாக விழுந்து கால் வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டால் அது வேறு கதை. அதனால் தனியாகப் போகிறவருக்கு நாங்கள் சொல்வது ஒரே விதி: இறங்கின வழியே ஏறித் திரும்ப முடியாது என்று தோன்றும் இடத்தில் இறங்காதீர்கள். சரிவில் இறங்கும் முன் வண்டியை நிறுத்தி, திரும்பி நின்று, அதையே ஏற்றமாக நினைத்துப் பாருங்கள். சந்தேகம் வந்தால் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வாய் வார்த்தை போதாது, எழுதிக் கொடுங்கள். எந்த வழியாக ஏற்றம், எந்த ஊரில் நிறுத்தம், எந்த வழியாக இறக்கம், எத்தனை மணிக்குள் போன் வரும், வராவிட்டால் எத்தனை மணிக்கு யாரை அழைப்பது – இவ்வளவும் ஒரே தாளில். "மாலைக்குள் வந்துடுவேன்" என்பது திட்டம் இல்லை. "மூன்று மணிக்குக் கணியம்பாடியில் இருந்து போன் செய்வேன், ஐந்து மணி வரை வராவிட்டால் 112" என்பது திட்டம். பாதி வழியில் மனம் மாறி வேறு பாதையில் திரும்பினால், சிக்னல் உள்ள இடத்திலேயே அதையும் தெரிவித்துவிட வேண்டும். இல்லையென்றால் தேடுகிறவர்கள் தப்பான பள்ளத்தாக்கில் தேடுவார்கள்.

மலைக்குள் பல இடத்தில் சிக்னல் கிடையாது. வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷனை அதிகபட்சம் எட்டு மணி நேரத்துக்குப் பகிரலாம். நெட் போன பின் கடைசியாகத் தெரிந்த இடத்தில் நின்றுவிடும். அதுவும் தேடுகிறவருக்கு உதவிதான். பேச முடியாத இடத்தில்கூடச் சில நேரம் எஸ்.எம்.எஸ். போகும். வரைபடத்தை முன்பே போனில் இறக்கி வையுங்கள், ஜி.பி.எஸ். வேலை செய்ய நெட் தேவையில்லை.

வெளிநாட்டு வீடியோக்களில் எல்லோரும் சேட்டிலைட் மெசெஞ்சர் (செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி) வாங்கச் சொல்வார்கள். இங்கே அந்தப் பேச்சே வேண்டாம். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் சேட்டிலைட் போனோ மெசெஞ்சரோ வைத்திருப்பது நம் நாட்டில் குற்றம். தெரியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையத்திலேயே பிடிபட்டிருக்கிறார்கள்.

இன்னொன்று: காட்டுக்குள் தெரியும் மண் தடமெல்லாம் பொதுப் பாதை இல்லை. காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் நுழைந்தால் வழக்கு உண்டு. மலைக் கிராமங்களை இணைக்கும் ஊராட்சிப் பாதைகளே ஒரு ஞாயிற்றுக்குத் தாராளம். வனத்துறை பலகை கண்ட இடத்தில் திரும்பிவிடுங்கள்.

கேள்வி: எக்ஸ்பல்ஸ் வண்டிக்கு மண்ணில் எவ்வளவு காற்று வைக்க வேண்டும்? வேலிக்காத்தான் முள்ளால் அடிக்கடி பஞ்சர். ஒட்டி ஐந்து கிலோமீட்டர் போவதற்குள் மறுபடி இறங்குகிறது. – வாசகர், ஆம்பூர்

பதில்: முதலில் இரண்டாவது கேள்வி. அது புதுப் பஞ்சர் இல்லை, பழைய முள்தான். வேலிக்காத்தான் முள்ளைக் கொறடால் வெளியே இழுக்கும்போது நுனி ஒடிந்து ரப்பருக்குள்ளேயே நின்றுவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே ஒரு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும், காற்று ஏறியதும் புது டியூபைக் குத்தும். டயரின் உள்பக்கத்தை ஒரு பருத்தித் துணியால் இரண்டு திசையிலும் துடையுங்கள். எங்கே நூல் சிக்குகிறதோ அங்கே முள். வெறும் விரலை விட்டுத் தேடாதீர்கள், கிழித்துவிடும். நுனியை உள்பக்கமாகக் கொறடால் பிடித்து இழுத்து எடுத்த பிறகே டியூபைத் தொட வேண்டும்.

சக்கரம் கழற்றும் வரிசை இது. டயரில் முள் இருக்கும் இடத்தை வால்வு பார்த்து அடையாளம் வையுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே ஆக்சில் நட்டைத் தளர்த்திவிடுங்கள். தூக்கிய பின் தளர்த்தினால் வண்டி சாயும். சென்டர் ஸ்டாண்டு இல்லாத வண்டிக்கு இடப்பக்கம் சைடு ஸ்டாண்டு, வலப்பக்கம் ஃபுட்பெக்குக்கு அடியில் உறுதியான கட்டை. வால்வு பின்னை எடுத்து முழுக் காற்றையும் விட்டு, டயர் ஓரத்தைக் காலால் மிதித்து ரிம்மில் இருந்து பிரியுங்கள். ஷாம்பு பாக்கெட் ஒன்றைத் தண்ணீரில் கலந்து ஓரமெல்லாம் தடவினால் டயரை நெம்பும் லிவருக்கு வேலை பாதி. வால்வுக்கு நேர் எதிர்ப்பக்கத்தை முழங்காலால் அழுத்தி ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறக்கிவிட்டு, வால்வுப் பக்கம் லிவர் போட்டுத் தொடங்குங்கள். மாட்டும்போது எதிர்ப்பக்கம் தொடங்கி வால்வில் முடியுங்கள். முடிக்கும் முன் வால்வை உள்ளே ஒருமுறை தள்ளி, டியூப் ஓரத்தில் மாட்டவில்லை என்று உறுதி செய்யுங்கள். பஞ்சர் போட்ட கையோடு லிவராலேயே டியூபைக் கிழிப்பதுதான் அதிகம் நடக்கிறது. காரணம் எதிர்ப்பக்கம் பள்ளத்தில் இறங்காததால் பலம் போட்டுத் தள்ளுவது. பலம் தேவைப்பட்டால் ஏதோ தப்பு என்று அர்த்தம்.

வழியில் ஒட்டுப் போடுவதை விட மாற்று டியூப் மேல். 21 இன்ச் முன் டியூப் ஒன்று மட்டும் போதும். அவசரத்துக்குப் பின்சக்கரத்திலும் மடித்துப் போட்டு மெதுவாக ஊர் வந்து சேரலாம். முன்பக்கத்தில் பின் டியூப் போகாது.

காற்றுக்கு வருவோம். வண்டி ஸ்டிக்கரில் உள்ளது தார் ரோட்டுக்கு. கெட்டியான செம்மண், சரளைக்கு அதில் இருந்து நாலைந்து பி.எஸ்.ஐ. குறைத்தால் போதும், முன்னே 20–22, பின்னே 22–24 பெரும்பாலோருக்குச் சரியாக இருக்கும். கல் நிறைந்த பாதையில் இதற்குக் கீழே போகாதீர்கள்: டயர் ரிம் வரை நசுங்கி டியூபை இரண்டு இடத்தில் அக்கம்பக்கமாகக் கடித்துவிடும். பஞ்சர் டியூபில் அப்படி இரட்டைக் கீறல் இருந்தால் குற்றம் முள் மேல் இல்லை, காற்று மேல். மிகக் குறைத்தால் டயர் ரிம்மில் வழுக்கி வால்வையும் பிடுங்கும். அதனால் வால்வு நட்டை ரிம்மோடு இறுக்காமல் மேலே மூடியோடு சேர்த்து விட்டுவிடுங்கள். வால்வு சாய்ந்து நின்றால் டயர் நகர ஆரம்பித்துவிட்டது, காற்று ஏற்றுங்கள். தார் ரோடு ஏறும் முன் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். பம்ப் இல்லாமல் காற்றைக் குறைக்காதீர்கள்.

கேள்வி: என் எடை 52 கிலோ. வண்டி சுமார் 160 கிலோ. விழுந்தால் தனியாகத் தூக்க முடியுமா? – வாசகி, ஆரணி

பதில்: முடியும் அம்மா, கையால் இல்லை, காலால். விழுந்ததும் உடனே தூக்கப் பாயாதீர்கள். எஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்ச், சாவி இரண்டையும் அணையுங்கள். பெட்ரோல் ஒழுகவில்லை என்றால் ஒரு நிமிடம் மூச்சு வாங்குங்கள். பையை இறக்குங்கள், பத்து கிலோ குறைவது பெரிய விஷயம். வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முதலிலேயே நீட்டி வையுங்கள், தூக்கியதும் மறுபக்கம் சாயாமல் நிற்கும். முதல் கியரில் இருக்கட்டும், உருளாது.

ஹேண்டிலை முழுக்க ஒடித்து, முன்சக்கர மூக்கு தரையைப் பார்க்க வையுங்கள். சீட்டுக்கு முதுகு காட்டி, இடுப்பை சீட்டில் ஒட்டி உட்காருங்கள். ஒரு கை தாழ்ந்திருக்கும் ஹேண்டில் பிடியில், மறு கை பின்பக்கக் கம்பியில். முதுகு நேராக, சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடங்கள். குனிந்து டேங்க் பக்கம் பார்த்துக்கொண்டு இழுத்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

சரிவில் சக்கரம் மேட்டுப் பக்கம் பார்த்து விழுந்திருந்தால் யாராலும் தூக்க முடியாது. படுத்த நிலையிலேயே பின்பக்கத்தைப் பிடித்து இழுத்து, சக்கரம் பள்ளத்தைப் பார்க்கத் திருப்பிய பிறகு தூக்குங்கள். நின்றதும் ஸ்டார்ட் ஆகாவிட்டால் பயப்பட வேண்டாம். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் சாய்ந்தால் எஞ்சினை நிறுத்தும் சென்சார் இருக்கிறது. சாவியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும்.

காட்டில் முதன்முதலாக முயல வேண்டாம். வீட்டு வாசலில் பழைய மெத்தை மேல் சாய்த்து, இரண்டு பக்கமும் பழகுங்கள். மூன்று முறைக்கு மேல் தூக்கத் தெம்பு இல்லை என்று தெரிந்தால், மூன்றாவது விழுதலோடு அன்றைய சவாரி முடிந்தது.

கேள்வி: ஏற்றத்தில் பாதியில் எஞ்சின் நின்றால் வண்டி பின்னால் சறுக்குகிறது. முன் பிரேக் பிடித்தும் நிற்பதில்லை. – வாசகர், ஒடுகத்தூர்

பதில்: எடை முழுக்கப் பின்சக்கரத்தில் இருக்கிறது, முன் டயருக்குப் பிடிப்பில்லை. அதுதான் காரணம். எஞ்சின் நின்ற நொடியில் பழக்கத்தில் கிளட்சைப் பிடிப்பீர்கள். அதைத்தான் செய்யக் கூடாது. கியரிலேயே விடுங்கள், எஞ்சினே பின்சக்கரத்தைக் கட்டிப் பிடிக்கும். வண்டியின் இடப்பக்கம் இறங்கி நில்லுங்கள். ஹேண்டிலை இடப்பக்கம் முழுக்க ஒடித்து, கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிடித்துப் பின்னால் உருட்டினால், பின்சக்கரம் இடது பக்கம் போய் வண்டி சரிவுக்குக் குறுக்காக நிற்கும். மேடு உங்கள் பக்கம், பள்ளம் அந்தப் பக்கம். பிறகு வலப்பக்கம் ஒடித்து, முன்னால் உருட்டி, முதல் கியரில் இறங்கிவிடுங்கள். பள்ளத்துப் பக்கம் மட்டும் ஒருபோதும் நிற்காதீர்கள்.

இறக்கத்தில் பின் ஏ.பி.எஸ்.ஸை (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) அணைக்க வசதி இருந்தால் அணையுங்கள். சரளையில் அது வண்டி நிற்கும் தூரத்தைக் கூட்டும். பல வண்டிகளில் சாவி போட்டு எடுத்ததும் தானாகத் திரும்ப வந்துவிடும். ஒவ்வொரு முறையும் விளக்கைப் பாருங்கள்.

கேள்வி: பாலாற்று மணலில் ஓட்டிப் பழகலாமா? – வாசகர், வாணியம்பாடி

பதில்: மணலில் பழகுவது நல்லது, பாலாறு நல்ல இடம் இல்லை. மணல் அள்ளிய குழிகள் எட்டடி, பத்தடிக்குத் திடீரென்று வரும். மழைக்குப் பிறகு தண்ணீர் மூடிவிட்டால் தெரியவே தெரியாது. நடந்து பார்த்த நூறு மீட்டருக்குள் மட்டும் பழகுங்கள். இரண்டாம் கியர், இடுப்பைப் பின்னால் தள்ளி, ஆக்சிலரேட்டர் சீராக. ஹேண்டில் ஆடும், ஆடட்டும். இறுக்கிப் பிடித்தால்தான் விழுவீர்கள். முன் பிரேக்கை மறந்துவிடுங்கள்.

கேள்வி: ஐப்பசி, கார்த்திகையில் கானாறு கடக்கும்போது வண்டி தண்ணீரில் விழுந்து எஞ்சின் நின்றால் என்ன செய்வது? – வாசகர், அணைக்கட்டு

பதில்: விழுந்த உடனே செல்ஃப் பட்டனை அழுத்தாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அதை அமுக்க முடியாது, பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கரை சேர்த்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஏர்பாக்ஸ் மூடியைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். ஃபில்டரை எடுத்து உதறுங்கள். பிளக் இல்லாமல் செல்ஃப் அடித்தால் துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்சும். நின்ற பிறகும் சில முறை அடியுங்கள். பிளக் மூடியைத் துளைக்கு அருகே விடாதீர்கள், பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கும். ஆயில் கண்ணாடியில் மோர் மாதிரி வெள்ளையாகத் தெரிந்தால் எஞ்சினை ஓட்டவே கூடாது, டெம்போவில் ஏற்றிக் கொண்டுபோக வேண்டியதுதான்.

இது நடக்காமல் இருக்க: கோல் ஊன்றி நடந்து பாருங்கள். தனியாக இருக்கும்போது சக்கரத்தின் நடு அச்சு உயரத்துக்கு மேல் வேண்டாம். சந்தேகமான இடத்தில் முதல் கியரில் இறங்கித் தள்ளுங்கள், தண்ணீர் வரும் பக்கம் நின்று. அப்போது வண்டி சாய்ந்தாலும் உங்கள் மேல் விழாது. இங்கே வானம் வெறிச்சென்று இருந்தாலும் மேலே மலையில் மழை பெய்தால் கானாறு வந்துவிடும். தண்ணீர் கலங்கி, சருகு மிதந்து வந்தால் காத்திருங்கள்.

கேள்வி: தனியாகப் போகும்போது பையில் என்னென்ன? – வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: டியூப், லிவர், பம்ப் சொல்லிவிட்டோம். கிளட்ச் கேபிள் ஒன்றைப் பழைய கேபிளோடு சேர்த்தே ஒட்டிக் கட்டி வையுங்கள், அறுந்தால் இரண்டு முனையை மாற்றினால் முடிந்தது. கிளட்ச் லிவர், முன் பிரேக் லிவர் ஒவ்வொன்று. ஹேண்ட்கார்டு இருந்தால் இவை அவ்வளவு சீக்கிரம் ஒடியாது. செயின் லாக் இரண்டு, உங்கள் செயின் தகட்டில் பொறித்துள்ள எண்ணுக்கு ஏற்றபடி. ஃபியூஸ், கேபிள் டை, கட்டுக்கம்பி, எம்-சீல். கல் அடித்து எஞ்சின் கேஸ் ஓட்டை ஆனால் எண்ணெய்ப் பசை துடைத்து எம்-சீல் வைத்து, காய்ந்த பிறகு மிச்ச ஆயிலோடு ஊர் வரலாம். வண்டியோடு வந்த ஸ்பேனர்கள் எல்லா நட்டுக்கும் பொருந்துமா என்று வீட்டிலேயே பாருங்கள். பின் ஆக்சிலுக்குப் பெரும்பாலும் பொருந்தினாலும் நெம்ப நீளம் இருக்காது.

முதலுதவிக்கு இரண்டு கிரேப் பேண்டேஜ், ஓ.ஆர்.எஸ். பாக்கெட். போனும் விசிலும் சட்டைப் பையில் இருக்கட்டும், வண்டிப் பையில் வேண்டாம். நீங்கள் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம் விழுந்தால் எட்டாது.

பாம்பு கடித்தால் கட்டு இறுக்குவது, கீறுவது எதுவும் வேண்டாம். அந்தக் கை காலை அசைக்காமல் 108. கணியம்பாடி வழியாக வந்தால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வழியிலேயே இருக்கிறது.

கேள்வி: சித்திரை வெயிலில் போகலாமா? – வாசகர், வேலூர்

பதில்: வேலூரில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? விடியற்காலை கிளம்பி பதினொரு மணிக்குள் தார் ரோடு ஏறிவிட முடிந்தால் போங்கள். நாலு லிட்டர் தண்ணீர். பாதி தீர்ந்தால் திரும்ப வேண்டும், பெட்ரோலுக்கும் அதே கணக்கு. வியர்வை நின்று தலை சுற்றினால் நிழலில் படுத்துத் தலை, கழுத்தில் தண்ணீர் ஊற்றுங்கள்.

கேள்வி: குடியாத்தம் மோர்தானா பக்கம் யானை வருமா? – வாசகர், பேரணாம்பட்டு

பதில்: வரும். எல்லை தாண்டினால் ஆந்திராவின் கௌண்டின்யா சரணாலயம். அந்தி, விடியல் இரண்டு வேளையும் அங்கே வேண்டாம். யானையைப் பார்த்தால் ஹாரன் அடிக்காமல், போட்டோ எடுக்காமல் திரும்பிவிடுங்கள். சாணம் ஈரமாக இருந்தாலும் அப்படியே.

கேள்வி: திரும்பி வந்ததும் வண்டிக்கு என்ன பார்க்க வேண்டும்? – வாசகர், திருப்பத்தூர்

பதில்: ஏர் ஃபில்டரைத் தட்டுங்கள், செம்மண் புழுதியில் ஒரே நாளில் அடைத்துவிடும். செயினைக் கழுவி, காய்ந்ததும் எண்ணெய். பிறகு ஒரு ஸ்பேனரால் ஒவ்வொரு ஸ்போக்கையும் லேசாகத் தட்டிக் கொண்டே சக்கரத்தைச் சுற்றுங்கள். மற்றவை கணீரென்று சொல்லும்போது மந்தமாக ஒலிப்பது தளர்ந்த ஸ்போக். அதைக் கால் சுற்று முறுக்கி மறுபடி தட்டிப் பாருங்கள். ஒரே சக்கரத்தில் நாலைந்து தளர்ந்திருந்தால் நீங்களே முறுக்க வேண்டாம். ரிம் கோணலாகிவிடும், வீல் பெண்டு எடுப்பவரிடம் கொடுங்கள்.