வெறும் வள்ளத்தில் ஓட்டிப் பார்த்து புரொப்பல்லர் வாங்காதீர்கள்

கேள்வி: 22 அடி ஃபைபர் வள்ளம், 9.9 எச்பி அவுட்போர்டு (பின்பலகையில் வெளியே மாட்டுகிற) எஞ்சின். ஆள் மட்டும் போகும்போது நன்றாக ஓடுகிறது. வலையும் மீனும் ஏறினால் எஞ்சின் இழுக்க மாட்டேன் என்கிறது. பிட்ச் (ஒரு சுற்றில் முன்னே போகிற தூரம்) கூடின புரொப்பல்லர் போட்டால் வேகம் வரும் என்று கடையில் சொல்கிறார்கள். போடலாமா?

போட வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பிட்ச் குறைந்ததுதான் உங்களுக்குத் தேவைப்படும். அதையும் இன்றைக்கே வாங்கிவிடாதீர்கள்; இரண்டு மூன்று விஷயம் பார்த்துவிட்டு வாங்கலாம்.

நானும் இதே யோசனையைக் கேட்டு மாட்டியவன். குளச்சல் பக்கம் மாமாவும் நானும் சேர்ந்து வள்ளம் வைத்திருந்தோம். எஞ்சினோடு வந்தது 9 பிட்ச். அதைக் கழற்றிவிட்டு ஒரு கடைக்காரர் சொன்னபடி 11 பிட்ச் போட்டோம். முதல் நாள் வெறும் வள்ளத்தில் ஓட்டினோம், நல்ல வேகம். மாமாவுக்கு ஏக சந்தோஷம். மூன்றாவது வாரம் சாளை நன்றாக விழுந்தது. வலை நனைந்த பாரம், மீன், நான்கு ஆள். எங்கள் கரையில் துறைமுகம் கிடையாது, அலை உடைகிற இடத்தைத் தாண்டி மணலில்தான் ஏற வேண்டும். ஒரு அலையின் முதுகைப் பிடித்துக்கொண்டு, பின்னால் வருகிற அலை நம்மைத் தொடுவதற்குள் கரைக்கு ஓடிவிட வேண்டும். அந்த இடத்தில் முறுக்கை (கைப்பிடியில் இருக்கிற ஆக்சிலரேட்டரை) கடைசி வரை முறுக்கினேன். எஞ்சின் சத்தம் ஏறவே இல்லை. பாரம் ஏற்றிய லாரி டாப் கியரில் மேடு ஏறுவது மாதிரி முனகிக்கொண்டே நின்றது. பின்னால் வந்த அலை எங்கள் மேலேயே உடைந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை; வலையில் பாதி போனது, மீன் எல்லாம் போனது.

எஞ்சினைத் தூக்கிக்கொண்டு போனபோது மெக்கானிக் முதலில் ஸ்பார்க் பிளக்கைத்தான் கழற்றினார். கரி அப்பி, ஈரமாக இருந்தது. விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஃபேன மாத்துனியா தம்பி?" என்று கேட்டார். ஃபேன் என்று அவர் சொன்னது புரொப்பல்லரைத்தான். எஞ்சினைப் பிரிக்கவே இல்லை அவர். பிளக்கைப் பார்த்தே தெரிந்துவிட்டது.

சரி, இந்த பிட்ச் என்பது என்ன என்று பார்ப்போம். உங்கள் புரொப்பல்லரின் நடுக்குடத்தில் 9¼ x 9 என்பது போல இரண்டு எண் இருக்கும். பெயின்ட் மூடியிருந்தால் சுரண்டிப் பாருங்கள். முதல் எண் விட்டம். இரண்டாவது பிட்ச்: ஸ்க்ரூ மரத்தில் ஏறுகிற மாதிரி, வழுக்கல் இல்லாமல் ஒரு சுற்றுக்கு எத்தனை இஞ்ச் முன்னே போகும் என்ற கணக்கு. தண்ணீர் மரம் இல்லை, வழுக்கும். எஞ்சின் நிமிடத்துக்கு 5000 சுற்று ஓடுகிறது, கியர் விகிதம் 2.08 (எஞ்சின் 2.08 சுற்று சுற்றினால் புரொப்பல்லர் ஒரு சுற்று), பிட்ச் 9 என்றால் கணக்குப்படி சுமார் 17.8 நாட் (மணிக்குச் சுமார் 33 கிலோமீட்டர்) வர வேண்டும். பாரம் ஏற்றிய வள்ளம் அதில் பாதியைத் தொட்டாலே நல்ல ஓட்டம். பாரம் ஏற ஏற வழுக்கல் கூடிக்கொண்டே போகும். அதனால்தான் வெறும் வள்ளத்தில் பார்த்த வேகத்தை நம்பக் கூடாது என்கிறேன்.

பிட்ச் கூடினால் எஞ்சின் ஒவ்வொரு சுற்றுக்கும் அதிகத் தண்ணீரைத் தள்ள வேண்டும். பாரம் இல்லாதபோது சமாளித்துவிடும். பாரம் வந்ததும் சுற்று இறங்கும். சுற்று இறங்கினால் 9.9 எச்பி எஞ்சின் 9.9 எச்பி தராது; அந்தச் சக்தி மேல் சுற்றில்தான் இருக்கிறது. முறுக்கு முழுசாகத் திறந்து சுற்று ஏறாமல் ஓடினால் சூடு, கரி, பிஸ்டன் ரிங் ஒட்டுவது, கடைசியில் பிஸ்டன் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். எண்ணெயும் வீணாகக் குடிக்கும். பிட்ச் ரொம்பக் குறைந்துவிட்டாலும் கெடுதல்தான். எஞ்சின் அளவுக்கு மீறிச் சுற்றும், வள்ளம் நகராது.

ஆகவே பார்க்க வேண்டியது வேகம் இல்லை, சுற்று. உங்கள் எஞ்சினின் கையேட்டில் முழுத் திறப்பில் எத்தனை சுற்றுக்குள் ஓட வேண்டும் என்று போட்டிருப்பார்கள். இந்த அளவு டூ ஸ்ட்ரோக் பலவற்றுக்கு 4500 முதல் 5500 வரை. ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் 5000க்கு மேலேதான் பெரும்பாலும் ஆரம்பிக்கும். சின்ன எஞ்சினில் மீட்டர் இருக்காது. பிளக் வயரில் ஒரு கம்பியைச் சுற்றினால் சுற்று காட்டுகிற குட்டி மீட்டர் தனியாகக் கிடைக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள். டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா என்று அதில் சரியாக வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இரட்டிப்பாகவோ பாதியாகவோ காட்டும்.

மீன் பிடித்துவிட்டுத் திரும்புகிற பாரத்தோடு அளக்க வேண்டும். மீனுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வலை, ஆள், ஐஸ்பெட்டியோடு மீனுக்குப் பதில் தண்ணீர் நிரப்பின கேன்களை ஏற்றிக்கொண்டு, காற்றில்லாத காலையில், எஞ்சின் சூடானதும் முழுசாகத் திறந்து இரண்டு திசையிலும் ஓட்டிப் பாருங்கள். மண்ணெண்ணெயில் ஓட்டுகிறவராக இருந்தால் மண்ணெண்ணெயில்தான் அளக்க வேண்டும். பெட்ரோலில் கிடைக்கிற சக்தி அதில் கிடைக்காது. பெட்ரோலில் சரியாக இருக்கிற புரொப்பல்லர் மண்ணெண்ணெயில் பாரமாகிவிடும். எங்களுக்கு 11 பிட்ச்சில் பாரத்தோடு 4100 சுற்றுதான் வந்தது. 8 பிட்ச் போட்டதும் 5100. வெறும் வள்ளத்தில் கொஞ்சம் வேகம் குறைந்தது உண்மை. அப்போது முறுக்கைச் சற்றுக் குறைத்துப் பிடித்தால் போதும். பாரத்தில் இல்லாத சக்தியை எங்கிருந்து முறுக்கிக் கொண்டுவர முடியும்?

பிட்ச் ஒரு இஞ்ச் மாறினால் 150 முதல் 200 சுற்று மாறும் என்று சொல்வார்கள். அது பெரிய எஞ்சின்களுக்கான கணக்கு. ஒன்பது இஞ்ச்சில் ஒரு இஞ்ச் என்பது ஒன்பதில் ஒரு பங்கு, அதனால் நம் எஞ்சினில் மாற்றம் அதைவிடக் கூடவே தெரியும். ஒரு இஞ்ச் மட்டும் குறைத்துப் பார்த்துவிட்டு அடுத்ததை யோசியுங்கள். விட்டத்தில் கை வைக்க வேண்டாம். எஞ்சின் கால் (தண்ணீருக்குள் இறங்குகிற கீழ்ப்பகுதி) எவ்வளவு இடம் விடுகிறதோ அவ்வளவுதான் போட முடியும். பாரம் இழுப்பதற்கென்றே கியர் விகிதம் கூட்டிச் செய்த எஞ்சின்களும் உண்டு. யமஹாவின் T9.9 அப்படி, விகிதம் 2.92, மெதுவாகச் சுற்றுகிற பெரிய புரொப்பல்லர் அதில் ஏறும். அடுத்து எஞ்சின் மாற்றும்போது அதை மனதில் வையுங்கள்.

காசு போடுவதற்கு முன்னால் இப்போது இருக்கிற புரொப்பல்லரையே ஒருமுறை கழற்றிப் பாருங்கள். எஞ்சினை நிறுத்தி, பிளக் வயரை உருவிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். மணலில் ஏறி இறங்குகிற வள்ளத்துக்கு இறக்கை முனை தேய்ந்துகொண்டே இருக்கும். சிமென்ட் தரையில் அதைப் படுக்க வைத்து, மூன்று இறக்கையின் முனையும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் மாறினால் வளைந்திருக்கிறது. வெல்டிங் வைத்துச் சரி செய்த புரொப்பல்லரில் இது அடிக்கடி வரும். அப்புறம் நடுவில் உள்குடத்தையும் வெளிக்குடத்தையும் சேர்த்துப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ். அது வழுக்க ஆரம்பித்தால் பாரத்தில் எஞ்சின் திடீரென்று அலறும், வள்ளம் நிற்கும். உள்குடத்திலும் வெளிக்குடத்திலும் சேர்த்து பெயின்டால் ஒரு கோடு போட்டு ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு விலகியிருந்தால் புஷ் போய்விட்டது. உங்களுக்கு எஞ்சின் முனகுகிறதா, அலறுகிறதா? முனகினால் பிட்ச், அலறினால் புஷ். அல்லது எஞ்சின் உயரமாக மாட்டி, புரொப்பல்லர் காற்றை இழுக்கிறது. காலில் புரொப்பல்லருக்கு மேலே இருக்கிற தட்டு, வள்ளத்தின் அடிமட்டத்துக்கு ஒரு இஞ்ச் கீழே இருந்தால் நம் வள்ளத்துக்குச் சரியாக இருக்கும்.

கழற்றியிருக்கும்போதே ஷாப்டில் தூண்டில் நைலானோ வலை நூலோ சுற்றியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஒரு முழம் நூல் போதும், தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்கிற ஆயில் சீலை அறுத்துவிடும். கியர் ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே போயாகிவிட்டது. மாட்டும்போது ஸ்ப்ளைனில் (ஷாப்டின் பல்வரியில்) கிரீஸ் தடவி, ஸ்ப்ளிட் பின் புதிதாகப் போடுங்கள், பழையதை வளைத்துப் போடாதீர்கள்.

ஸ்டெயின்லெஸ் வாங்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். மணலில் ஏற்றுகிற சின்ன வள்ளத்துக்கு அலுமினியமே நல்லது என்பேன். அடி பட்டால் இறக்கை வளையும், கியர் தப்பிக்கும். ஸ்டெயின்லெஸ் வளையாமல் அந்த அடியை உள்ளே அனுப்பிவிடும். பழைய 9 பிட்ச்சை நாங்கள் எறியவில்லை. ஒரு நட்டு, இரண்டு பின், ஒரு குறடு சேர்த்துச் சாக்கில் கட்டி வள்ளத்தின் பின்பலகைக்கு அடியில் வைத்திருக்கிறோம்.

பாரத்தோடு வந்த சுற்று எவ்வளவு, குடத்தில் இருக்கிற இரண்டு எண் என்ன, எஞ்சின் எந்த மாடல் என்று அளந்துவிட்டுக் கீழே எழுதுங்கள். எத்தனை பிட்ச் வாங்க வேண்டும் என்று சொல்கிறேன்.